பீன்ஸ் நார்

விஜயராணியின் வலது கைக் கட்டைவிரலில் ஒரு காய்ப்பு உண்டு. டிரிம்மரால் வந்தது. டிரிம்மர் என்பது விரல் நீளத்தில் ஒரு சின்னக் கத்தரி. அழுத்தினால் வெட்டும், விட்டால் விரியும். தைத்து வரும் பனியன்களின் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளுக்குத் திருப்பூரில் பிசிறு என்று பெயர். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக விஜயராணி பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நூலை இழுக்கக் கூடாது. கீழ் மடிப்புத் தையலில் சரியான முனை கையில் அகப்பட்டுவிட்டால் ஒரே இழுப்பில் தையல் மொத்தமும் ஓடி வந்துவிடும். பீஸ் டேமேஜ். ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கண்டால் யாருக்கும் முதலில் இழுக்கத்தான் தோன்றும். புதிதாக வரும் பெண்கள் எல்லோரும் இழுப்பார்கள். சூப்பர்வைசர் மருதாசலம் அவர்களை விஜயராணியின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார். விஜயராணி சொல்லித் தருவதில்லை. கையில் அடிப்பாள். டிரிம்மர் இல்லாத இடது கையால், புறங்கையில், சுரீர் என்று.

“ஏனுங்க ராணி, அந்தப் புள்ள அழுவுதுங்களே.”

“அழட்டும் சார். பீஸ் போச்சுன்னா நீங்கல்லா அழுவீங்க.”

மருதாசலம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். நாளாக ஆக அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு கை நூலைப் பற்றி இழுப்பது கடைக்கண்ணில் பட்டால் போதும், அவள் கை தானாகப் போய்விடும்.

அவளுக்கும் கணவன் ராபினுக்கும் ஊர் சாத்தான்குளம் பக்கம். ராபின் வேறொரு கம்பெனியில் துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். கல்யாணமான மறு மாதமே இங்கே வந்துவிட்டார்கள். பழனாயி என்பவருடைய லைன் வீட்டில் கடைசிக் கதவு இவர்களுடையது. முன்பு சோளம் விதைத்த நிலத்தில் பழனாயி ஒரே வரிசையாக ஆறு அறைகள் கட்டி விட்டிருந்தார். முன்னால் அவருடைய சொந்த வீடு.

மகள் ஆஷாவைப் பால்குடி மறந்ததும் ஊரில் அக்கா தங்கராணியிடம் கொண்டுபோய் விட்டார்கள். லைன் வீட்டில் பகலில் ஒருவரும் இருப்பதில்லை. கைக்குழந்தையைக் கம்பெனிக்குள் விடமாட்டார்கள். லைன் வீட்டில் இருந்த எல்லோருமே இப்படி ஊரில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள்தான், அதனால் அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை. அக்காவின் பிள்ளைகள் விஜயராணியைச் சித்தி என்றார்கள், ராபினைச் சித்தப்பா என்றார்கள். ஆஷாவும் அப்படியே சொல்லிப் பழகினாள், தங்கராணியை அம்மா என்றாள். கிறிஸ்துமஸுக்குப் போனால் “சித்தி வந்தாச்சு” என்று தெருமுனைக்கு ஓடி வருவாள். திருத்த வேண்டும் என்று நினைப்பதற்குள் லீவு முடிந்து பஸ் ஏறியாக வேண்டும்.

2006 மே மாதம் ஆஷாவுக்கு ஏழு வயது. இனி அவள் இங்கேயே இருக்கட்டும் என்று விஜயராணி முடிவு செய்தாள். ராபினுக்கு யோசனையாக இருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. அருள்புரத்துப் பள்ளியில் இடம் சொல்லி வைத்துவிட்டு, விஜயராணியே போய் ஆஷாவைக் கூட்டி வந்தாள்.

வந்த பிள்ளை சாப்பிடவில்லை.

அடம் பிடித்திருந்தால் பரவாயில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து, நாலு பருக்கையை எடுத்து வாயில் வைத்து, “போதும் சித்தி, எனக்குப் பசிக்கல” என்று சொல்லித் தானே தட்டைக் கழுவி வைத்தாள். விருந்துக்கு வந்த வீட்டில் நடந்துகொள்கிற மாதிரி. விஜயராணி கம்பெனிக்குப் போன பிறகு பகலெல்லாம் பழனாயி வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

“உம்புள்ள ஒரு வாயி சோறு திங்க மாட்டீங்குது ராணி,” என்றார் பழனாயி. “டீயில பன்னு நனைச்சுக் குடுத்தா அது மட்டும் எறங்குது. இப்பிடியே போனா காத்துல பறந்துரும்.”

விஜயராணி தக்காளி சோறு வைத்தாள், முட்டை பொரித்தாள், கடையில் பரோட்டா வாங்கி வந்தாள். அவளுக்குத் தெரிந்த சமையல் அவ்வளவுதான். ஊரில் இருந்த காலத்தில் அடுப்படி அக்காவின் பொறுப்பு. விஜயராணி பீடி சுற்றினாள். இங்கே வந்த பிறகு ராத்திரி எட்டரைக்கு ஷிப்ட் முடிந்து வந்து, சீக்கிரம் வேகிறதை வேகவைத்துத் தின்றுவிட்டுப் படுத்தாக வேண்டும். உருளைக்கிழங்கு, முட்டை, தக்காளி. உட்கார்ந்து ஆய வேண்டிய காய் எதுவும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ராபின் சொன்னான். “வீரணன் அண்ணாச்சி குடும்பத்தோட ஊருக்குப் போறாரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பஸ்ஸு. அவருகூட அனுப்பிருவோம்டி.”

வீரணன் அவன் கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். அவர்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்.

“இப்பத்தான வந்திருக்கா.”

“புள்ள காஞ்சு போயிருவா. இன்னும் ஒரு வருசம் அங்க இருக்கட்டும். என்ன இப்ப?”

“இன்னும் ஒரு வருசம் போனா அவ எம்புள்ள இல்ல. அக்கா புள்ளதான்.”

ராபின், “ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். ஒரு நேரம் ஒழுங்கா தின்னுட்டான்னா இருக்கட்டும். இல்லன்னா அனுப்பிருவோம். பட்டினி போட்டு வச்சிருக்க முடியாதுல்லா?” என்றான்.

அவன் சொன்னது நியாயம் என்று அவளுக்கும் தெரிந்தது. தலையாட்டினாள்.

சனிக்கிழமை ராபினின் செல்போனில் அக்காவைக் கூப்பிட்டாள். என்ன கொடுத்தால் ஆஷா சாப்பிடுவாள் என்று கேட்க வாய் கூசியது. கேட்டாள்.

“பீன்ஸுன்னா அவளுக்கு உசுருல்லா,” என்றாள் தங்கராணி. “தேங்கா நெறையப் போட்டு வச்சுக் குடு. சோத்த விட்டுட்டு அதயே தின்பா.”

“பீன்ஸா?”

“ஏன், அங்க கெடைக்காதா?”

“கெடைக்கும் கெடைக்கும்.”

எப்படி வைப்பது என்று கேட்கவில்லை. இத்தனை வருடம் பிள்ளையை வளர்த்தவளிடம் இதையும் கேட்க வேண்டுமா என்று இருந்தது. காயை நறுக்கித் தாளிக்க வேண்டியது, அதில் என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் ரோட்டோரக் கடையில் பீன்ஸ் குவித்துப் போட்டிருந்தார்கள். பச்சை கண்ணைப் பறித்தது.

“ஊட்டிக் காயிங்க. ஒடிச்சுப் பாருங்க,” என்றார் கடைக்காரர்.

ஒன்றை எடுத்து ஒடித்தாள். பட்டென்று சத்தம் வந்தது. ஒடிந்த இரண்டு துண்டும் விழாமல் ஓரத்து நாரில் தொங்கின. நல்ல காய்தான் போலிருக்கிறது என்று அரைக் கிலோ வாங்கினாள்.

பழனாயி வாசலில் உட்கார்ந்து கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். “என்ன ராணி, பீன்ஸா? அட! நீ காயி வாங்கிப் பாத்ததே இல்லையே நானு.”

“ஆஷாவுக்கு வேணுமாம்ங்க.”

“அது வாயத் தொறந்து கேட்டுச்சா?” பழனாயி உள்ளே போய் அரை மூடித் தேங்காயைக் கொண்டு வந்து கொடுத்தார். “இத வெச்சுக்க. எங்கூட்டுல எம்மருமவ இதுகள ஆஞ்சுக்கிட்டு உக்காந்தா எனக்குச் சோறு நாலு மணிக்குத்தான்.”

விஜயராணி தரையில் பேப்பரை விரித்து பாதிக் காயைக் கொட்டினாள். மீதிப் பாதி நாளைக்கு டிபன் பாக்ஸுக்கு என்று எடுத்து வைத்தாள். வீட்டில் இருந்த கத்தி மழுங்கல். பால் பாக்கெட் வெட்டுவது முதல் நகம் வெட்டுவது வரை அந்த வீட்டில் எல்லாம் டிரிம்மர்தான். அதையே எடுத்தாள். வெட்டாத காய் இடது பக்கம், வெட்டிய காய் வலது பக்கம். தலையில் ஒரு வெட்டு, வாலில் ஒரு வெட்டு. கம்பெனியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. கை பறந்தது. ராபின் முடி வெட்டப் போயிருந்தான்.

ஆஷா கதவோரம் நின்று பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்ன செய்யுதீங்க சித்தி?”

“பீன்ஸு. ஒனக்குப் பிடிக்கும்லா?”

ஆஷா தலையாட்டினாள். வெட்டிய குவியலை ஒரு தினுசாகப் பார்த்தாள். அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. விஜயராணி அதைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஷா இடது பக்கக் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்தாள். நுனியை நகத்தால் கிள்ளினாள். கிள்ளிய நுனியோடு ஒரு நார் பிரிந்தது. அதைப் பிடித்து நீளமாக இழுத்தாள்.

விஜயராணியின் இடது கை போய் அவள் புறங்கையில் விழுந்தது.

“இழுக்காத!”

சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. விஜயராணியே திடுக்கிட்டாள். ஆஷா அழவில்லை. கையைப் பார்த்தாள். நார் பாதி தொங்கிய காயைப் பேப்பர் மேல் மெதுவாக வைத்தாள். எழுந்து போய், மூலையில் கட்டி வைத்திருந்த தன் பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

விஜயராணிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கம்பெனியில் அடித்த பிறகு யாரிடமும் அவள் எதுவும் சொன்னதில்லை. மீதிக் காயின் தலையையும் வாலையும் வெட்டி, எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கி முடித்தாள்.

பொரியல் பார்ப்பதற்கு நன்றாக வந்தது. கடுகு, உளுத்தம்பருப்பு, சின்ன வெங்காயம், வரமிளகாய். மூடி போட்டு வேகவைத்து இறக்கித் தேங்காயைத் துருவிப் போட்டாள். நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் வாசனை வாசல் வரை போனது. ராபின் வந்து உட்கார்ந்தான். ஆஷாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சோற்றைவிடப் பொரியலை அதிகமாக வைத்தாள். ஆஷா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். மென்றாள். விஜயராணி அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஷா மென்றுகொண்டே இருந்தாள். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டுச் சக்கையாக ஒரு உருண்டையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள்.

“போதும் சித்தி. பசிக்கல.”

ராபின் பல்லிடுக்கிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். இழுக்க இழுக்க வந்தது. “என்னட்டி இது? நூலு போட்டுத் தச்சு வச்சிருக்கியா?”

ஆஷா களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரி தாயி, சிரி,” என்றான் ராபின். “எம்பல்லு ரெண்டயும் சேத்து ஓவர்லாக் அடிச்சிட்டா ஒங்க சித்தி.”

“நான் நாரு உரிச்சுத் தாரேன்னுதான் போனேன்,” என்றாள் ஆஷா. அவனிடம்தான் சொன்னாள். “அடிச்சிட்டா.”

‘அடிச்சிட்டாங்க’ இல்லை, ‘அடிச்சிட்டா’. இத்தனை நாளாக ‘நீங்க, வாங்க’ என்று பேசிய பிள்ளை. ராபின் விஜயராணியைப் பார்த்தான்.

“அடிச்சியா? எதுக்குட்டி?”

விஜயராணி தட்டின் ஓரத்தில் இருந்த சக்கையை எடுத்து விரலால் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் நூல்நூலாக நார். தலையையும் வாலையும் வெட்டினாள், நடுவில் ஓடியது அப்படியே இருந்திருக்கிறது. பிள்ளை இழுத்தது சரி. பின்னே அடித்தது எதற்கு?

“அவ இழுத்தா,” என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று தெரிந்தது. எழுந்தாள். “நீங்க எந்திரிங்க. ஆஷா, இங்க வா.”

ராபின் எச்சில் கையோடு எழுந்து நின்றான். அவன் போட்டிருந்தது கம்பெனியில் கழித்துக்கட்டிய பனியன். விஜயராணி அதன் கீழ் மடிப்பைத் திருப்பி, முனையைத் தேடி, டிரிம்மரால் ஒரு தையலை மட்டும் வெட்டி நூலை வெளியே எடுத்தாள். ஆஷாவின் கையில் கொடுத்தாள்.

“இழு.”

ஆஷா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அடிக்க மாட்டேன். இழு.”

“ஏ, நல்ல பனியன்டி,” என்றான் ராபின்.

“நீங்க சும்மா இருங்க.”

ஆஷா நூலைப் பிடித்துக் கொஞ்சமாக இழுத்தாள். பொலபொலவென்று தையல் ஓடி வந்தது. அவள் கண் விரிந்தது. இன்னும் இழுத்தாள். மடிப்பு அவிழ்ந்துகொண்டே அவன் இடுப்பைச் சுற்றிப் போனது. “சித்தப்பா, திரும்புங்க,” என்றாள். ராபின் கையைத் தூக்கிக்கொண்டு பம்பரம் போல மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். முழு நூலும் அவள் கைக்கு வந்துவிட்டது. பனியன் அடி தொங்கியது.

“பாத்தியா?” என்றாள் விஜயராணி. “கம்பெனில யாராவது நூல இழுத்தா இப்பிடி ஆயிரும். அதான் கை தன்னால வந்துட்டு. ஒன்ன அடிக்கணும்னு இல்ல.”

ஆஷா நூலை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள்.

“கம்பெனிலயும் அடிப்பியா?”

“அடிப்பேன்.”

“பெரிய பிள்ளைகளயா?”

“ஆமா.”

“அவங்களுக்கு நீ என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம்.”

“பின்ன எதுக்கு அடிக்க? வாயால சொன்னா என்ன?”

ராபின் பெரிதாகச் சிரித்தான். ஆஷா விடவில்லை. “அது பனியன். இது காய்லா. காய்க்கு இழுக்கணும்.”

“தெரியல,” என்றாள் விஜயராணி. “நான் பீன்ஸு வச்சதே இல்ல. இன்னும் பாதி இருக்கு. வா, உரிச்சுப் போட்டு மறுபடி வைப்போம்.”

இரண்டு பேரும் பேப்பரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆஷா கிள்ளி இழுத்தாள், ஒரு பக்கம் மேலிருந்து கீழே, மறு பக்கம் கீழிருந்து மேலே. நார் சுருள் சுருளாக விழுந்தது. விஜயராணி ஒரு காயை எடுத்து நுனியைக் கிள்ளினாள். நார் பிரிந்து நின்றது. இழுக்க வேண்டிய இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. எத்தனையோ பேரை அடித்த கை. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மெல்ல இழுத்தாள். பாதியில் அறுந்தது.

“பைய இழுத்தா அறுந்துரும். ஒரே இழுப்பு,” என்றாள் ஆஷா, தன் காயிலிருந்து தலை நிமிராமல்.

அடுத்த காயில் வந்தது. முழு நாரும், ஒரு குறையும் இல்லாமல். ஏதோ டேமேஜ் செய்துவிட்டது போலவும் யாரும் திட்டாதது போலவும் இருந்தது. விஜயராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மழுங்கல் கத்தியால் பொடிப்பொடியாக அரிந்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. தாளித்துக் காயைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். உப்புப் போட்டுவிட்டு மூடியை எடுத்தாள்.

“மூடாத. மூடுனா பச்ச போயிரும். அம்மா மூட மாட்டா.”

அம்மா என்றது யாரை என்று விஜயராணிக்குத் தெரியும். மூடியைக் கீழே வைத்தாள். அடுப்பைக் குறைத்து, கிளறி, தண்ணீர் தெளித்து, மறுபடி கிளறினாள். ஆஷா சட்டியை எட்டிப் பார்த்து ஒரு துண்டை எடுத்து ஊதித் தின்று பார்த்து, “இப்ப தேங்கா போடு” என்றாள்.

போட்டாள். காய் பச்சையாகவே இருந்தது.

ஆஷா சோறு வேண்டாம் என்றாள். தட்டில் வெறும் பீன்ஸை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து தின்றாள். தட்டு காலியானதும் உள்ளே வந்து நீட்டினாள். விஜயராணி வைத்தாள். அந்தப் பிள்ளை போகும் வரை காத்திருந்து, திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புச் சூடு.

இரண்டாவது தட்டு பாதியில் இருக்கும்போது வீரணன் வந்தார். கையில் பெரிய பை, தோளில் துண்டு. மனைவியும் பிள்ளைகளும் ரோட்டில் ஆட்டோவில் இருந்தார்கள். அடி அவிழ்ந்து தொங்கும் பனியனோடு நின்ற ராபினை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னய்யா கோலம்?”

“அது ஒரு கத அண்ணாச்சி,” என்றான் ராபின். விஜயராணியைத் திரும்பிப் பார்த்தான். ஒரு நேரம் ஒழுங்காகத் தின்றால் இருக்கட்டும் என்று அவன்தான் சொன்னான். அதைச் சொல்லிப் பிள்ளையை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கேட்டால் பிள்ளை என்ன சொல்வாளோ என்று விஜயராணிக்கு இருந்தது. ஏற்கனவே கழுவிய சட்டியை மறுபடி கழுவினாள்.

“என்ன தாயி, கெளம்புவமா?” என்றார் வீரணன் ஆஷாவிடம். “பையி எங்க?”

ஆஷா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். அவசரப்படவில்லை.

“நான் வரல. பள்ளிக்கூடம் தொறக்கப் போவுதுல்லா.”

“அப்ப உங்க அம்மா கேட்டா என்ன சொல்ல?”

“சித்தி பீன்ஸு வச்சான்னு சொல்லுங்க. ரெண்டு தடவ வாங்கித் தின்னேன்னு சொல்லுங்க.” தட்டைப் படியில் வைத்துவிட்டு எழுந்து அவர் பக்கத்தில் போனாள். உள்ளே கேட்காது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினாள். “மத்தியானம் நாரு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க. அம்மா சிரிப்பா.”

வீரணன் சொல்ல மாட்டேன் என்று தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.